வெட்டுப்புள்ளிக்குள் மறையும் இடைவெளி: அம்பாறைக் கரையோரப் பாடசாலைகளும் ஊரின் பங்கும்

பல்கலைக்கழக அனுமதிக்காகக் கல்வி வசதி குறைந்தவை என்று வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களில் அம்பாறையும் ஒன்று. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகின்றன. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பப் பிரிகிறது. மீதி 5 வீதம் இந்த 16 மாவட்டங்களுக்கும் மேலதிகமாகக் கிடைக்கிறது. ஆய்வுகூடமும் நூலகமும் தேர்ந்த ஆசிரியரும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள கொழும்புப் பிள்ளையையும், அவை இல்லாத பிள்ளையையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் நியாயம்.

ஆனால் அந்த நியாயம் மாவட்ட எல்லையோடு நின்றுவிடுகிறது. கல்முனையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு நடக்கும் பெரிய பாடசாலையின் மாணவிக்கும், திருக்கோவில் பிரதேசத்தின் உட்புறக் கிராமமொன்றில் படிப்பைத் தொடங்கிய மாணவிக்கும் மாவட்ட வெட்டுப்புள்ளி ஒன்றுதான். சாகாமம் அப்படியொரு உட்புறக் கிராமம். அக்கரைப்பற்றிலிருந்து புறப்படும் சாகாம வீதி ஆலையடிவேம்பைக் கடந்து வயல்வெளிக்குள் இறங்கி அங்கே போய்ச் சேர்கிறது. குளத்தை நம்பி வேளாண்மை செய்யும் ஊர் அது. கல்முனையும் சாகாமமும் ஒரே மாவட்டம், ஒரே மொழி, ஒரே பாடத்திட்டம், ஒரே பரீட்சைத் தாள். பாடசாலைகள் மட்டும் ஒன்றல்ல.

இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது, இன்று எதன் வழியாக நீடிக்கிறது, அதைக் குறைப்பதில் ஊராரின் கூட்டு முயற்சி எவ்வளவு தூரம் உதவியிருக்கிறது என்பவற்றை இக்கட்டுரை பார்க்கிறது. கிழக்குக் கரையோரத்தில் கல்விக்காக ஊர் கைகொடுத்த வரலாறு நீளமானது, பெருமைக்குரியது. அதே கை சில வேளைகளில் ஏற்றத்தாழ்வைக் கூட்டியும் இருக்கிறது. எந்த வகையான முயற்சி எதைச் செய்தது என்று பிரித்துப் பார்க்காமல் 'சமூகப் பங்களிப்பு' என்று பொதுவாகப் புகழ்வதில் பயனில்லை.

இலவசக் கல்வி தந்ததும் தராததும்

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட கல்விக் குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபர் முதலாம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கட்டணம் ஒழிந்ததோடு, கிராமப்புறங்களில் மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்தன. ஐந்தாம் வகுப்பில் பரீட்சை வைத்துத் திறமையான ஏழைப் பிள்ளைகளை அவற்றில் சேர்த்து, விடுதியும் உதவிப்பணமும் கொடுத்தார்கள். 1960–61 இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு கையேற்றது. 1980 இலிருந்து பாடநூல் இலவசம், 1993 இலிருந்து சீருடை இலவசம். தெற்காசியாவில் இலங்கையின் எழுத்தறிவு தலைநிமிர்ந்து நிற்பதற்கு இவையெல்லாம் காரணம்.

கட்டணத்தை ஒழித்த அரசு தரத்தைச் சமப்படுத்தவில்லை. இன்று நாட்டில் பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட அரச பாடசாலைகள் உள்ளன. அவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி வகைப் பாடசாலைகள் ஏறத்தாழ ஆயிரம், அதாவது பத்தில் ஒன்று. 1சி பாடசாலைகளில் உயர்தரம் கலை, வர்த்தகம் அளவில் நிற்கும். வகை 2 பாடசாலை தரம் 11 உடன் முடிகிறது. வகை 3 ஆரம்ப வகுப்புகளுக்கானது, அல்லது தரம் 8 வரை போவது. ஐம்பது பிள்ளைகளுக்கும் குறைவான பாடசாலைகள் மட்டும் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு. இந்த வகைப்பாட்டை நிர்வாக வசதி என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வகை 2 பாடசாலை மட்டும் உள்ள ஊரில் பிறந்த பிள்ளைக்கு, வைத்தியராகும் வழி ஊரை விட்டு வெளியேறும் வழியாகவே இருக்கிறது.

1987 இன் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு இன்னொரு அடுக்கும் சேர்ந்தது. மிகப் பெரும்பாலான பாடசாலைகள் மாகாண சபைகளின் கீழ் வந்தன. நானூறுக்கு உட்பட்ட தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழ் இருக்கின்றன. ஆகவே ஊருக்கு ஒரு 'தேசிய பாடசாலை' பெற்றுத் தருவது அரசியல்வாதியின் வாக்குறுதியாயிற்று. 2011க்குப் பின் ஆயிரம் இடைநிலைப் பாடசாலைத் திட்டம் வந்தது. பிறகு 'அருகிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை' வந்தது. அதற்குப் பின் ஆயிரம் தேசிய பாடசாலைத் திட்டம் வந்தது. ஒவ்வோர் ஆட்சியும் பெயர்ப்பலகையை மாற்றியது. பலகைக்குப் பின்னால் யார் கற்பிக்கிறார் என்ற கேள்வி பெரும்பாலும் அப்படியே கிடந்தது.

சட்டமும் இதில் பாதி வழிதான் வருகிறது. எல்லாருக்கும் எல்லா மட்டங்களிலும் சமமான கல்வி வாய்ப்பை உறுதிசெய்வது அரசின் நோக்கம் என்று 1978 அரசியலமைப்பின் 27ஆவது உறுப்புரை சொல்கிறது. அந்த அத்தியாயத்தில் உள்ள எதையும் நீதிமன்றத்தில் உரிமையாகக் கேட்க முடியாது என்று 29ஆவது உறுப்புரை கதவைச் சாத்துகிறது.

விபுலானந்தரிலிருந்து அஸீஸ் வரை

அரசு வருமுன் இந்தக் கரையில் பள்ளிக்கூடம் கட்டியவர்கள் மிஷனரிமார். வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814 இல் மட்டக்களப்பில் தொடங்கிய மெதடிஸ்த பாடசாலை இலங்கையின் மிகப் பழைய ஆங்கிலப் பாடசாலைகளுள் ஒன்று. அந்தச் சபையின் கல்விப் பணி கல்முனைக்கும் தெற்கே திருக்கோவிலுக்கும் பரவியது. ஆங்கிலக் கல்வி மதமாற்றத்துக்கு வழி என்ற அச்சம் சைவரிடமும் முஸ்லிம்களிடமும் இருந்தது. அந்த அச்சமே பின்னர் இரு சமூகங்களையும் சொந்தப் பள்ளிக்கூடம் கட்டத் தூண்டியது.

காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் மிஷன் பள்ளிக்கூடங்களிலேயே படித்தவர். துறவுக்குப் பின் இராமகிருஷ்ண மிஷனின் பாடசாலைகளைக் கிழக்கில் பொறுப்பேற்று, 1929 இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். மிஷனின் பாடசாலைகள் தனியொரு ஊருக்கு உரியவையாய் இருக்கவில்லை. பல ஊர்களின் பாடசாலைகளை ஒரே நிர்வாகம் நடத்தியதால், ஓர் இடத்தின் மிகுதி இன்னோர் இடத்தின் குறையைத் தீர்க்க வாய்ப்பிருந்தது. இந்தக் கட்டுரைக்கு அதுதான் முக்கியம்.

முஸ்லிம் ஊர்களின் கதையில் அதே இடத்தை வகிப்பவர் ஏ. எம். ஏ. அஸீஸ். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். 1942 இல் உலகப் போர் இலங்கையின் வாசலுக்கு வந்து உணவுத் தட்டுப்பாடு அச்சுறுத்தியபோது, கல்முனையில் அவசர காலக் கச்சேரி திறக்கப்பட்டு அதன் பொறுப்பு அவரிடம் கொடுக்கப்பட்டது. நெல் விளைவிக்க அனுப்பப்பட்ட அதிகாரி ஊரின் படிப்பறிவு நிலையையும் பார்த்தார். வயல் உள்ள போடியாரின் பிள்ளைகளே அரிதாக மேற்படிப்புக்குப் போன காலம். வசதியற்ற திறமையான பிள்ளைகளுக்கு உதவ, அதே ஆண்டில் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவானது. விபுலானந்தருடனான நட்பு அஸீஸின் எண்ணங்களை வளர்த்தது. கல்முனையில் தொடங்கியதை 1945 இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியமாக நாடு முழுவதற்கும் விரித்தார். 1948 முதல் 1961 வரை கொழும்பு சாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்தபோதும் அந்த நிதியத்தை விடவில்லை.

அஸீஸின் சங்கம் கட்டடம் கட்டவில்லை. எந்த ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாலும் தகுதியுள்ள பிள்ளைக்குப் பணம் போனது. பிள்ளையைப் பார்த்துக் கொடுப்பதற்கும் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இன்றைய விவாதத்தில் பெரும்பாலும் மறந்துபோயிருக்கிறது.

1960களிலும் 70களிலும் பதியுத்தீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் முஸ்லிம் பாடசாலைகளும் முஸ்லிம் ஆசிரியர் நியமனங்களும் பெருகின. கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி அவர் பெயரைத் தாங்குகிறது. பெண்பிள்ளைகளைத் தொலைவுக்கு அனுப்பத் தயங்கிய குடும்பங்கள் வாசலுக்கு அருகே மகளிர் பாடசாலை வந்தபோது அனுப்பத் தொடங்கின. 1990 இன் வன்முறைகள் தமிழரையும் முஸ்லிம்களையும் பிரித்த பிறகு, அமைச்சர் எம். எச். எம். அஷ்ரப்பின் முயற்சியில் 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டே முழுப் பல்கலைக்கழகமானது ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். இவற்றால் மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று போன்ற ஊர்களின் முகமே மாறியது. நெசவும் வயலும் கடலும் மட்டும் தெரிந்த ஊர்களில் ஆசிரியர் இல்லாத வீட்டைத் தேட வேண்டிய நிலை வந்தது.

ஆனால் இந்த வளர்ச்சி பிரதான வீதியை ஒட்டியே நடந்தது. மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று கரையோரமாக ஓடும் வீதியின் இருபுறமும் பாடசாலைகள் தடித்தன. மேற்கே உட்புறம் போகப் போக, தெற்கே பொத்துவிலை நோக்கிப் போகப் போக மெலிந்தன. அரசியல் பலமும் சனத்தொகையும் எங்கே இருந்தனவோ அங்கேயே பாடசாலையும் பலமடைந்தது.

ஆளணியும் இணைப்பும்

ஏற்றத்தாழ்வு என்றதும் ஓடு பெயர்ந்த கூரையும் கால் உடைந்த வாங்கும் நினைவுக்கு வருகின்றன. இந்தக் கரையில் அந்தப் படம் பழையது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அம்பாறைக் கரையில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பின் வந்த உதவியில் பல பாடசாலைகளுக்கு மாடிக் கட்டடங்கள் கிடைத்தன. இன்று குறை இருப்பது வகுப்பறைக்கு உள்ளே.

நாட்டில் ஏறத்தாழ 40 லட்சம் மாணவருக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் அளவில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சராசரியாக 17 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். உலகத் தரத்தில் பார்த்தால் இது குறைவான எண்ணிக்கை அல்ல. எண்ணிக்கை போதும், இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பதே சிக்கல். நகரப் பாடசாலையில் ஒரே பாடத்துக்கு மேலதிக ஆசிரியர் இருப்பார். உட்புறப் பாடசாலையில் சமயமும் தமிழும் கற்பிக்க ஆள் இருக்கும். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் இடம் வெறுமையாய் இருக்கும்.

அதிபரின் அறைச் சுவரில் தொங்கும் நேரசூசி இந்தக் கதையைச் சொல்லும். தரம் 10 இல் கணிதத்துக்கு உரிய கட்டத்தில் பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயருக்குரியவர் 'இணைப்பில்' இருப்பார். அதாவது சம்பளப் பட்டியலில் இந்தப் பாடசாலை, கற்பிப்பது நகரப் பாடசாலையில். பிள்ளை நோயாளி, பெற்றார் முதியவர், வீடு தொலைவு என்று காரணம் காட்டி, அதற்கு மேல் ஓர் அரசியல் தொடர்பையும் காட்டி, தற்காலிக இணைப்பு வாங்குவது கல்வித் திணைக்களத்தில் எல்லாரும் அறிந்த வழி. தற்காலிகம் ஆண்டுகளாக நீளும். பட்டியலில் ஆள் இருப்பதால் வெற்றிடம் என்று காட்டவும் முடியாது, புதியவரைக் கேட்கவும் முடியாது. உட்புறப் பாடசாலையின் அதிபர் இரண்டு பக்கமும் கட்டுப்பட்டு நிற்பார்.

இணைப்பு வாங்காதவர்கள் வானில் வருகிறார்கள். அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கே கற்பிக்கும் ஆசிரியர்களில் பலர் வடக்கேயுள்ள ஊர்களிலிருந்து நாளாந்தம் போய்வருகிறவர்கள். காலையில் வான் தாமதித்தால் முதற்பாடம் போகும். வான் திரும்பும் நேரத்துக்குப் பாடசாலை கலைவதால் மாலை வகுப்பும் விளையாட்டும் போகும். இதில் ஆசிரியரை மட்டும் குறைசொல்வது அநியாயம். கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று பாடசாலைகளைப் பிரித்துக் கொடுக்கும் படிப்பணம் வான் கூலிக்கே போதாது. தங்கிக் கற்பிக்க ஆசிரியர் விடுதி இல்லை. இருந்தாலும், குடும்பத்தோடு தங்கினால் அவருடைய பிள்ளை படிக்க அதே பாடசாலையைத்தான் நம்ப வேண்டும்.

கணித ஆசிரியர் இல்லாமை ஒரு பாடத்தின் குறையாக முடிவதில்லை. கணிதமும் தாய்மொழியும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியடைந்தால்தான் பொதுவாகச் சாதாரண தரத்துக்கு மேலே போகலாம். தரம் 10, 11 இரண்டிலும் கணிதம் நடக்காத பிள்ளை, வரலாற்றில் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் அங்கேயே நின்றுவிடுகிறாள். அவள் உயர்தர வெட்டுப்புள்ளிக் கணக்கிலேயே வருவதில்லை.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை இந்த ஓட்டத்தை இன்னும் விரைவாக்குகிறது. 2023 இல் தோற்றிய 3 லட்சத்து 30 ஆயிரம் அளவிலான பிள்ளைகளில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் ஏறத்தாழ 50 ஆயிரம். கன்னங்கரா காலத்தில் இந்தப் பரீட்சை கிராமத்துப் பிள்ளையைக் கிராமப்புற மத்திய கல்லூரிக்குக் கொண்டுபோனது. இப்போது கெட்டிக்காரப் பிள்ளையைச் சிறு பாடசாலையிலிருந்து பிரித்து நகரத்துக்கு அனுப்புகிறது. அவளோடு, கூட்டத்துக்கு வந்து கேள்வி கேட்கக்கூடிய பெற்றாரும் போய்விடுகிறார்கள். மாணவர் தொகை குறைகிறது. தொகை குறைந்ததால் ஆளணி குறைகிறது. ஆளணி குறைந்ததால் இன்னும் சிலர் போகிறார்கள்.

எஞ்சியவர்களுக்கும் நகரத்துப் பிள்ளைக்கும் இடையில் டியூஷன் நிற்கிறது. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் மாலை நேரத்தில் பாடசாலைக்கு ஈடாக இன்னொரு பாடசாலை நடக்கிறது. அதற்குக் கட்டணமும் வேண்டும், பஸ்ஸும் வேண்டும். வேளாண்மை வெட்டுக் காலத்தில் தாயும் தகப்பனும் வட்டைக்குப் போய்விட்ட வீட்டில், அல்லது உம்மா வெளிநாட்டில் வேலைக்குப் போயிருக்கும் வீட்டில், தம்பி தங்கச்சியைப் பார்க்கும் பொறுப்பு மூத்த பிள்ளைக்கு. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்பு கைபேசிக்குள் போனபோதும், 2022 எரிபொருள் நெருக்கடியில் வாரத்துக்கு மூன்று நாள் பாடசாலை என்று ஆனபோதும், இழப்பு எல்லா வீட்டுக்கும் ஒரே அளவாக வரவில்லை.

ஊர் கொடுக்கும்போது

இந்தக் குறைகளுக்கு ஊர் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு பாடசாலையிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் உண்டு. பழைய மாணவர் சங்கம் உண்டு. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையும் கோயில் பரிபாலன சபையும் உதவிக்கு வரும். கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் ஊரவர் 'பட்ச்' சார்பில் பணம் சேர்த்து அனுப்புவார்கள். மதில் எழும், ஒலிபெருக்கி வரும், ஸ்மார்ட் பலகை வரும். சில இடங்களில் வெற்றிடமான பாடத்துக்கு ஊரில் உள்ள பட்டதாரிக்கு மாதாந்தம் ஒரு தொகை கொடுத்துக் கற்பிக்க வைப்பார்கள். சிரமதானம் என்றால் மண்வெட்டியோடு முப்பது பேர் நிற்பார்கள்.

ஆனால் கணக்கை எழுதிப் பார்த்தால் வேறு படம் தெரியும். ஆயிரக்கணக்கான பழைய மாணவர்கள், அவர்களுள் வைத்தியரும் பொறியியலாளரும் வியாபாரியும் உள்ள பாடசாலைக்கு வரும் நன்கொடையும், தரம் 11 உடன் முடியும் பாடசாலையின் நன்கொடையும் ஒன்றாக இருக்க முடியாது. உட்புறக் கிராமத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் தரம் 6 இலேயே நகரத்துக்குப் போய்விடுவதால், பிற்காலத்தில் அவர்கள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவதும் நகரத்துப் பாடசாலைக்கே. கிராமத்துப் பள்ளிக்கூடம் தன் பிள்ளையையும் இழக்கிறது, பிற்கால நன்கொடையாளரையும் இழக்கிறது. கூலிக்குப் போகும் தகப்பன் கொடுக்கும் இருநூறு ரூபாய் அவருடைய அன்றைய உழைப்பில் ஒரு பங்கு. நகரத்து உத்தியோகத்தர் கொடுக்கும் இரண்டாயிரம் அவருக்குப் பாரமே இல்லை.

அமெரிக்காவில் இந்த உண்மை நீதிமன்றம்வரை போனது. டெக்சாசின் சான் அன்டோனியோவில் எட்ஜ்வூட் என்ற ஏழைப் பாடசாலை மாவட்டத்துப் பெற்றார், பக்கத்துச் செல்வந்த மாவட்டத்தவரைவிடக் கூடிய வீதத்தில் சொத்து வரி செலுத்தியும், தலைக்கு அவர்களைவிடக் குறைந்த பணத்தையே திரட்ட முடிந்தது. 1973 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்த்தது. 1989 இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம்தான் நிதிமுறையை மாற்றச் சொன்னது. உள்ளூரின் கையை நம்பி விட்டால் ஏழை ஊர் கூடுதலாக உழைத்துக் குறைவாகப் பெறும். இதை மாற்ற மேலேயிருந்து ஒரு பங்கீடு வேண்டும்.

தமிழ்நாட்டின் அனுபவம் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியில் 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. ஊரார் நிலம், கட்டடம், வாங்கு, மேசை, கரும்பலகை கொடுத்தார்கள். ஆசிரியரின் சம்பளத்தையும் நியமனத்தையும் அரசே வைத்துக்கொண்டது. 1956 இல் ஊரார் நன்கொடையோடு தொடங்கிய மதிய உணவு பிறகு அரசுச் செலவுக்கு வந்தது. 1982 இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. ஊர் தொடங்கியதை அரசு எல்லா ஊருக்கும் கொண்டுபோன இடங்களில்தான் ஏழை ஊரும் பயனடைந்தது. நம்மிடம் பெரும்பாலும் மறுபக்கமாக நடக்கிறது. அரசு கொடுக்க வேண்டியதை ஊர் கொடுக்கத் தொடங்கியதும் அரசு பொறுப்பிலிருந்து நழுவிக்கொள்கிறது. அபிவிருத்திச் சங்கம் கணித ஆசிரியைக்குச் சம்பளம் கொடுக்கும் வரை வலயக் கல்வி அலுவலகத்துக்கு அந்த வெற்றிடம் அவசரமாகத் தெரியாது.

ஆய்வுகள் சொல்வது

ஊரை நிர்வாகத்தில் சேர்த்தால் கல்வி உயருமா என்பதை இலங்கையிலேயே சோதித்திருக்கிறார்கள். 2006 இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டுத் திட்டம் அதிபர், ஆசிரியர், பெற்றார், பழைய மாணவர் சேர்ந்த குழுக்களுக்குச் சில அதிகாரங்களைக் கொடுத்தது. ஹர்ஷ அத்துருபானவும் பால் கிளெவேயும் மற்றவர்களும் செய்து 2014 இல் வெளிவந்த மதிப்பீட்டின்படி, தரம் 4 மாணவரின் கணிதப் புள்ளியும் ஆங்கிலப் புள்ளியும் உயர்ந்தன. தரம் 8 இல் மாற்றம் தெரியவில்லை. அதோடு சோதிக்கப்பட்ட இன்னொரு திட்டம், பாடசாலையின் நிலையை அட்டையில் எழுதிப் பெற்றாருக்குக் கொடுப்பது. அதனால் புள்ளிகளில் பயன் எதுவும் காணப்படவில்லை.

வட இந்தியாவின் ஜோன்பூர் மாவட்டத்தில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்போடு சேர்ந்து பொருளியலாளர் அபிஜித் பானர்ஜி முதலானோர் நடத்திய ஆய்வும் ஏறக்குறைய இதையே கண்டது. ஊர்க்கூட்டம் வைத்து, உங்கள் கல்விக் குழுவுக்கு இன்ன அதிகாரம் உண்டு என்று விளக்கியும் அரச பாடசாலையில் எதுவும் மாறவில்லை. ஊர் இளைஞருக்கு வாசிப்புக் கற்பிக்கப் பயிற்சி கொடுத்தபோது மட்டும், அந்த வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவு. ஆரம்ப வகுப்பில் ஊர் நேரடியாகக் கைகொடுத்தால் பலன் உண்டு. எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுக்க விசேட ஆசிரியர் வேண்டியதில்லை. உயர்தரம் முடித்து முடிவுக்காகக் காத்திருக்கும் அக்கா போதும். தரம் 8க்கு மேல் பாட ஆசிரியர் தேவை. அவரை நியமிப்பதும் இடம் மாற்றுவதும் வலயமும் மாகாணமும். கூட்டம் வைப்பதாலும் அட்டை அச்சிடுவதாலும் அங்கே எதுவும் அசையாது. தகவல் அதிகாரம் உள்ள இடத்துக்குப் போக வேண்டும். போனதும் அங்கே ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

ஊர்கள் கேட்கும்போது

அம்பாறை மாவட்டத்தில் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், அம்பாறை, மகாஓயா, தெஹியத்தகண்டிய என்று ஏழு கல்வி வலயங்கள். எல்லைகள் பூகோளத்தைப் போலவே இனத்தையும் பின்தொடர்கின்றன. சாகாமத்தின் பாடசாலை திருக்கோவில் வலயத்தைச் சேர்ந்தது. அதற்கு வீதி வழியாக அருகிலுள்ள நகரம் அக்கரைப்பற்று. அங்குள்ள முஸ்லிம் பாடசாலைகள் அக்கரைப்பற்று வலயத்தில். பொத்துவிலின் முஸ்லிம் பாடசாலைகளும் தொலைவிலுள்ள அக்கரைப்பற்று வலயத்தோடுதான். ஆகவே தனி வலயம் வேண்டும் என்று பொத்துவில் மக்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். அந்தக் கோரிக்கையின் சாரம் ஆசிரியர் பங்கீடு. தங்கள் வெற்றிடத்தைத் தங்கள் கண்முன் தீர்மானிக்கும் ஓர் அலுவலகம் வேண்டும் என்பது.

தமிழ்ப் பாடசாலையின் வெற்றிடத்தைத் தமிழ் அரசியல்வாதியிடமும் முஸ்லிம் பாடசாலையின் வெற்றிடத்தை முஸ்லிம் அரசியல்வாதியிடமும் தனித்தனியே கொண்டுபோகும் வழக்கம் இரு சமூகத்து உட்புற ஊர்களையும் ஒருசேரத் தோற்கடிக்கிறது. பொத்துவிலில் கணித ஆசிரியர் இல்லாததற்கும் சாகாமம் பக்கத்தில் கணித ஆசிரியர் இல்லாததற்கும் காரணம் ஒன்றே. இரு ஊரவரும் ஒரே மாகாணக் கல்வித் திணைக்களத்தின் வாசலில் நிற்கிறார்கள். இரு ஊரின் அபிவிருத்திச் சங்கங்களும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டால் அதை இனக் கோரிக்கை என்று ஒதுக்கிவைக்க முடியாது. விபுலானந்தரும் அஸீஸும் சேர்ந்து பேசிய கரையில் இது நடக்க முடியாத காரியமல்ல.

இதற்கு வேண்டிய கருவி கையில் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு பாடசாலைக்கும் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எவ்வளவு, உண்மையில் கற்பிப்பவர் எத்தனை பேர், இணைப்பில் போயிருப்பவர்கள் எந்தப் பாடசாலைக்கு, எந்தத் திகதியிலிருந்து என்று கேட்டு ஒரு விண்ணப்பம் எழுத ஒரு மாலைப்பொழுது போதும். ஆசிரியர்களின் பெயர் தேவையில்லை. பாடமும் எண்ணிக்கையும் போதும். வலயத்தின் எல்லாப் பாடசாலைகளுக்கும் அந்தப் பட்டியலைப் பக்கம் பக்கமாக வைத்தால், எங்கே மிகுதி, எங்கே வெறுமை என்பது எவரும் மறுக்க முடியாதபடி தெரியும்.

நன்கொடையின் போக்கையும் மாற்றலாம். பழைய மாணவர் சங்கங்களும் வெளிநாட்டுக் குழுக்களும் திரட்டும் பணத்தில் ஒரு பங்கை வலய மட்டப் பொது நிதியில் சேர்த்து, உட்புறப் பாடசாலைப் பிள்ளைகளின் பருவச்சீட்டு, விடுதி, தங்கிக் கற்பிக்கும் ஆசிரியரின் வாடகை ஆகியவற்றுக்குச் செலவிடலாம். அஸீஸ் 1942 இல் போட்ட பாதையே இது. ஸகாத் நிதியின் ஒரு பகுதியைக் கல்விக்கு ஒதுக்கும் பள்ளிவாசல்களுக்கு இது புதிதல்ல. உள்ளூர் வாசிப்பு வகுப்புகளைக் கோயில் மண்டபத்திலோ பள்ளிவாசல் வளாகத்திலோ மாலையில் நடத்துவதும் ஊரின் கையில் உள்ளது.

அரசின் பங்கு இதனால் குறைவதில்லை. கல்விக்குத் தேசிய உற்பத்தியில் 6 வீதம் வேண்டும் என்று பல்கலைக்கழக ஆசிரியர்கள் 2012 இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பின்னும் செலவு 2 வீதத்தை ஒட்டியே கிடக்கிறது. ஆயினும் பணம் இரட்டித்தால்கூட, இணைப்பு முறை அப்படியே இருந்தால் புதிய ஆசிரியரும் நகரத்துக்கே வந்து சேர்வார். பணத்துக்கு முன் பங்கீடு சீராக வேண்டும்.

யார் விட்டுக்கொடுப்பது

பங்கீடு என்றால் ஒருவர் பெறுவதற்கு இன்னொருவர் இழக்க வேண்டும். கல்வி மாநாடுகளில் எவரும் சொல்லத் துணியாதது இதுதான். நகரப் பாடசாலையின் மேலதிகக் கணித ஆசிரியர் உட்புறத்துக்கு மாறும்போது நகரத்துப் பெற்றார் எதிர்ப்பார்கள். அவர்களுக்குச் சங்கம் உண்டு, பத்திரிகை நிருபரைத் தெரியும், பாராளுமன்ற உறுப்பினரின் தொலைபேசி இலக்கம் தெரியும். வலயக் கல்விப் பணிப்பாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இந்த அழுத்தத்துக்கு முன் தனியே நிற்க முடியாது. இதுவரை ஊர்ப் பலம் என்று நாம் கொண்டாடியது பெரும்பாலும் இந்தப் பலத்தையே. தன் பாடசாலைக்கு ஆசிரியரைக் கொண்டுவரவும் போகவிடாமல் தடுக்கவும் தெரிந்த பலம் அது.

ஆகவே கல்வியில் ஊரின் பங்கை அளக்க நன்கொடைப் பட்டியலைப் பார்ப்பதில் பயனில்லை. பெரிய பாடசாலையின் அபிவிருத்திச் சங்கம் தன் கூட்டத்தில், எங்களுக்கு மேலதிகமாக உள்ள இந்தப் பாட ஆசிரியரை இணைப்பில் வைத்திருக்க வேண்டாம், அவருடைய சொந்தப் பாடசாலைக்கு அனுப்புங்கள் என்று ஒரு தீர்மானம் எழுதி வலயத்துக்கு அனுப்புமா? அப்படி ஒரு தீர்மானத்துக்கு ஒரு சதமும் செலவில்லை. அதற்கு முன்வரும் முதற் சங்கம் எதுவோ, அது நூறு ஸ்மார்ட் பலகைகள் செய்யாததைச் செய்திருக்கும்.